இலிங்கமில் இனப்பெருக்கமும் வறட்சியும்: ஒரு கூர்ப்பியற் சிக்கல்

விலங்குகளுள் மிகப் பெரும்பாலானவை ஆண், பெண் ஆகிய இரு பாலினதும் பரம்பரையலகுகளைக் கலந்தே தம் வழித்தோன்றல்களை உண்டாக்குகின்றன. இது ஏன் என்னும் வினா எளிதாகத் தோன்றினும், கூர்ப்பியலாருக்கு நீண்டகாலமாக இடர் தந்துவருவதாகும். இலிங்கமுறையிற் பெருகும் குடித்தொகையொன்றில் ஏறத்தாழப் பாதி ஆண்கள், அவை முட்டையிடுவதில்லை. கன்னிப்பிறப்பாற் பெருகும் குடித்தொகையிலோ அனைத்தும் முட்டையிடும் பெண்களே. ஏனைய நிலைமைகள் சமமாயின், பின்னையது இருமடங்கு விரைவிற் பெருகி முன்னையதை விரைவில் அகற்றிவிடுதல் வேண்டும். ஆயின் இயற்கையில் நாம் காண்பது இதற்கு மாறானது. கன்னிப்பிறப்பை மட்டுமே நம்பிய விலங்கினங்கள் உயிர்மரத்தின் நுனிக் கிளைகளிலே ஆங்காங்கு தோன்றி, பெரும்பாலும் நெடுங்காலம் நிலையாது மறைகின்றன.

இதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, தீய விகாரங்களின் திரட்சி. கலப்பு நிகழாத வம்சத்தில் ஒருமுறை ஏற்பட்ட கேடு எளிதிற் களையப்படுவதில்லை. அது தலைமுறை தோறும் கூடிச்செல்லும் என்பதை 1964ஆம் ஆண்டில் எச். ஜே. முல்லர் எடுத்துக்காட்டினார். மற்றையது ஒட்டுண்ணிகள். ஒரே அமைப்புடைய உயிர்களைத் தாக்கும் வழியை ஒட்டுண்ணியொன்று கண்டுகொள்ளுமாயின், அக்குடித்தொகை முழுவதும் அதற்கு இரையாகலாம்.

இவ்விரு விதிகளையும் மீறி நிற்பனவாகத் தோன்றுபவையே டெலோயிட்டு றொற்றிபெராக்கள். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடைய இவை பாசிகளிலும் மண்ணிலும் சிறு நீர்த்தேக்கங்களிலும் வாழ்வன. அட்டை போல ஊர்ந்து செல்வன. 450 அளவிலான இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. எனினும் ஆண் விலங்கு இருப்பதென்பது எவ்வினத்திலும் நிறுவப்படவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் இவை இவ்வாறே வாழ்ந்து இனங்களாகப் பல்கியுள்ளன என்ற கருத்தை, கூர்ப்பியலுக்கே ஓர் இழுக்கு எனும்படியாக 1986இல் ஜோன் மேனாட் சிமித் குறிப்பிட்டார்.

இவ்விலங்குகளின் இன்னொரு பண்பு அதற்கு மிக முன்னரே அறியப்பட்டிருந்தது. 1702இல் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ற் நகரில், அன்ரனி வன் லேவன்ஹூக் தம் வீட்டுக் கூரைப்பீலியில் உலர்ந்து கிடந்த தூசியில் நீரிட்டு நுணுக்குக்காட்டியால் நோக்கினார். பல மாதங்கள் உலர்ந்திருந்த தூசியிலிருந்தும் சிற்றுயிர்கள் நீந்தத் தொடங்கின. 2021இல் வெளியான ஆய்வொன்று, சைபீரியாவின் உறைமண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த றொற்றிபெரா மீண்டும் உயிர்ப்புற்று இனம்பெருக்கியதைத் தெரிவித்தது.

ஆணின்மை, வறட்சியைத் தாங்கல் ஆகிய இவ்விரு பண்புகளும் தொடர்பற்றனவா? இவை ஒரே முடிச்சின் இரு நுனிகளாகலாம் என்பதே ஈண்டு நாம் எடுத்துரைக்க விரும்புவது.

உலர்தல் கலத்தின் டி.என்.ஏ.யைப் பல துண்டுகளாக உடைக்கிறது. மீண்டும் நனையும்போது விலங்கு அத்துண்டுகளைச் சீர்செய்தல் வேண்டும். 2008இல் கிளாடிஷேவ், மெசல்சன் ஆகியோர், மனிதருக்கு உயிராபத்து விளைக்கும் அளவிலும் நூறு மடங்கான கதிர்வீச்சின் பின்னும் இவை இனம்பெருக்கக் கண்டனர். இத்தகைய கதிர்வீச்சு புவியின் எச்சூழலிலும் இல்லை. எனவே இவ்வாற்றல் வறட்சிக்கென உருவான இசைவாக்கத்தின் பக்கவிளைவு என்பது அவர்தம் விளக்கம். உடைவைச் சீர்செய்கையில் ஒரு பிரதியைப் பார்த்து மற்றையது திருத்தப்படுமாயின், தீய விகாரங்கள் சில அழிந்துபோதலும் கூடும்.

அவ்வாண்டிலேயே இவற்றின் பரம்பரையலகுகளிடையே பற்றீரியா, பங்கசு, தாவரம் ஆகியவற்றிலிருந்து வந்தனவும் உள்ளமை தெரியவந்தது. அடினெற்றா வாகா என்னும் இனத்தில் இவை ஏறத்தாழ 8 சதவீதம் என 2013இல் கணிக்கப்பட்டது. உடைந்த டி.என்.ஏ. ஒட்டப்படுகையில் அயல்துண்டுகளும் இடைபுகுந்திருக்கலாம்.

ஒட்டுண்ணிகளின் பொருட்டும் வறட்சி உதவுகிறது. 2010இல் வில்சன், சேர்மன் ஆகியோர் கொடிய பங்கசு தொற்றிய றொற்றிபெராக்களை உலர வைத்தனர். உலர்காலம் நீளநீளப் பங்கசு கூடுதலாக அழிந்தது, விலங்குகளோ பிழைத்தன. காற்றில் அள்ளுண்டு சென்றவை நோயற்ற புதிய குடித்தொகைகளை அமைத்தன. ஒட்டுண்ணியைப் புதிய பரம்பரைச் சேர்க்கையால் வெல்வதற்குப் பதிலாக, காலத்தாலும் இடத்தாலும் அதனை விட்டு விலகுதல் என இதனைக் கூறலாம்.

இவ்விளக்கம் கவர்ச்சியானது. கவர்ச்சியான விளக்கங்களையே நாம் கூடுதலாக ஐயுறல் வேண்டும். உலர்தலைத் தாங்காத டெலோயிட்டு இனங்களும் உள. அவற்றிலும் அயற் பரம்பரையலகுகள் மிகுதியாக உள்ளமை 2018இல் காட்டப்பட்டது. ஆகவே வறட்சி மட்டுமே அவற்றின் நுழைவாயில் எனல் பொருந்தாது. அடினெற்றா வாகாவில் ஒத்த நிறமூர்த்தச் சோடிகள் இல்லை, எனவே ஒடுக்கற்பிரிவு இயலாது என்ற 2013ஆம் ஆண்டு முடிவும் நிலைக்கவில்லை. ஆறு சோடிகள் உள்ளன என 2021இல் திருத்தப்பட்டது. முட்டை உருவாகும்போது அவை சோடிசேர்கின்றன என 2022இல் அறியப்பட்டது. அதற்கும் மேலாக, தனியன்களிடையே பரம்பரைப் பரிமாற்றம் நிகழ்ந்துள்ளதற்கான சான்றுகளை 2020இலும் 2022இலும் வெளியான ஆய்வுகள் முன்வைத்துள்ளன. அரிதாக ஆண்கள் தோன்றுவதாலா, வேறு வழியாலா இது நிகழ்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதனால் முன்னைய ஆய்வுகள் வீணாயின எனக் கொள்வது தவறு. ‘இலிங்கமுறை’, ‘இலிங்கமில்முறை’ என நாம் வகுத்த இரு பெட்டிகளுள் இயற்கை அடங்கவில்லை என்பதையே அவை புலப்படுத்துகின்றன. உயிரினம் நிலைப்பதற்குத் தேவையானவை கேடுகளைக் களைதலும், புதுமையைப் பெறுதலும், ஒட்டுண்ணியிலிருந்து தப்புதலும் ஆகும். இலிங்கமுறை அவற்றை ஒருங்கே நிறைவேற்றும் ஒரு வழி. கூரைப்பீலித் தூசியில் வாழும் இச்சிற்றுயிருக்கோ, அழிவைத் தரும் வறட்சியே அப்பணிகளுட் சிலவற்றை ஆற்றியிருக்கலாம். எவற்றை, எவ்வளவுக்கு என்பதே இனி ஆராயப்பட வேண்டியதாகும்.