தொற்றுத் தற்காப்பும் பதின்பருவ மாணவரும்: சேர்வராயன் மலைப்பள்ளிகளை முன்வைத்து

நோயின் கொடுமையை எடுத்துரைத்தால் மாணவர் தம்மைக் காத்துக்கொள்வர் என்பது பள்ளி நலக்கல்வியில் வேரூன்றிய எண்ணம். ரொனால்ட் ரோஜர்ஸ் 1975இல் முன்வைத்து 1983இல் திருத்தியமைத்த பாதுகாப்பு உந்துதல் கோட்பாடு இவ்வெண்ணத்தின் போதாமையை உணர்த்துகிறது. நோய் எத்துணைக் கொடியது, அது தமக்கு வரக்கூடுமா என ஒருவர் எண்ணுவது அச்சுறுத்தல் மதிப்பீடு. தற்காப்புச் செயல் பயன் தருமா, தம்மால் அது இயலுமா, அதற்காக எதை இழக்க நேரும் என எண்ணுவது எதிர்கொள்ளல் மதிப்பீடு. மில்ன், ஷீரன், ஆர்பெல் ஆகியோர் 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பின்னதே நடத்தையோடு நெருங்கிய தொடர்புடையது எனக் காட்டியது.

ஏற்காட்டுச் சூழலில் இவ்வேறுபாடு கூர்மை பெறுகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலையில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. தொலைவிலுள்ள பிள்ளைகள் பலருக்கு உண்டு உறைவிடப் பள்ளியே வழி. மார்கழிக் குளிரில், பலர் பகிரும் குழாயடியில், சோப்பிட்டு இருபது வினாடி கைகழுவுதல் சமவெளி வீட்டில் கழுவுவதற்கு நிகரன்று. அடுத்தடுத்துப் பாய் விரிக்கும் கூடத்தில் இடைவெளி பேணுவது மாணவரின் விருப்பத்தைச் சார்ந்ததுமன்று. இங்கு இழப்பு என்பது பணத்தைக் குறிப்பதில்லை. குளிர், காத்திருப்பு, தோழரின் கேலி ஆகியனவே அது. பதின்பருவத்தில் கேலி சிறிய இழப்பும் அன்று.

கோவிட் காலத் தடுப்பூசியை இதனோடு ஒப்பிடலாம். 2022 ஜனவரி 3 முதல் 15 வயது முதல் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கோவாக்சின் செலுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் பள்ளிகளிலேயே முகாம்கள் நடைபெற்றன. மலைச்சிற்றூர் மாணவருக்குப் பயணமும் பெற்றோரின் கூலியிழப்பும் இல்லை. வகுப்பே வரிசையில் நிற்கும்போது விலகி நிற்பதுதான் கேலிக்குரியதாகிறது. முகக்கவசமோ அன்றாடம் புதிதாக முடிவெடுக்கக் கோருவது. ஆசிரியர் பார்வை அகன்றதும் தோழர் குழுவே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே மாணவர் தடுப்பூசியை ஏற்று முகக்கவசத்தைக் கழற்றுவதில் முரண் இல்லை.

இங்கு ஆய்வாளர் ஐயுற வேண்டியது தம் வினாநிரலையே. 'வெளியே சென்று வந்ததும் கைகழுவுவீர்களா?' என்னும் நகர்ப்புற வினாவுக்கு மலைவிடுதி மாணவர் 'இல்லை' என்றால், அவ்விடை மனப்பான்மைக் குறைவாகப் பதிவாகிறது. குழாயில் நீர் வராத நாளும் அப்பதிவில் விழிப்புணர்வின்மை ஆகிவிடுகிறது. பழங்குடி மாணவரைப் பற்றி அத்தகைய அட்டவணை சொல்லும் முடிவு, பின்னர் மற்றொரு விழிப்புணர்வு முகாமுக்குக் காரணமாகலாம். குழாய் அப்படியே இருக்கும். மனப்பான்மை வினாக்களுக்கு முன் நீர், சோப்பு, படுக்கை இடைவெளி ஆகியவற்றை ஆய்வாளர் தாமே நேரில் கண்டு குறித்தால், மாணவரின் 'இல்லை' எதைச் சுட்டுகிறது என்பதைப் பிரித்தறிய இயலும்.