வீட்டு மின்சார, எரிவாயுப் பயன்பாடு

வீட்டு மின்சார, எரிவாயுப் பயன்பாடு என்பது ஒரு குடும்பம் விளக்கு, விசிறி, குளிரூட்டல், சமையல், வெந்நீர் ஆகிய தேவைகளுக்குச் செலவிடும் ஆற்றலைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இத்தேவைகளை மின்சாரமும், சிலிண்டரில் வரும் திரவ பெட்ரோலிய வாயுவும் நிறைவு செய்கின்றன. எந்தக் கருவி எவ்வளவு ஆற்றலை எடுக்கிறது, அதற்கான கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், வசதியைக் குறைக்காமலேயே செலவைக் குறைக்க முடியும். இக்கட்டுரை அவ்விரண்டையும், பாதுகாப்பு முறைகளையும் விளக்குகிறது.

யூனிட் என்றால் என்ன?

மின்சாரம் யூனிட் என்ற அலகில் விற்கப்படுகிறது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி ஆகும். 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். 100 வாட் கருவி பத்து மணி நேரம் இயங்கினாலும் அதே ஒரு யூனிட்தான். கணக்கிடும் வாய்பாடு எளியது:

யூனிட் = வாட் × மணி நேரம் ÷ 1000

கருவியின் வாட் அளவு அதன் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். திறன், நேரம் ஆகிய இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது முக்கியம். 750 வாட் மிக்சி நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஓடினால், இரண்டு மாதத்தில் 7.5 யூனிட்தான் ஆகும். 10 வாட் மட்டுமே எடுக்கும் செட்டாப் பாக்ஸ் இரவும் பகலும் அணைக்கப்படாமல் இருந்தால், அதே காலத்தில் 14.4 யூனிட் ஆகிவிடும். சத்தம் போடும் கருவிதான் அதிகம் செலவிடுகிறது என்ற எண்ணம் பல நேரங்களில் தவறானது.

கட்டணப் படிநிலை

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2016 மே மாதம் முதல் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும்.

2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, இரு மாதத்தில் 500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு:

- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.25 ரூபாய்
- 201 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6 ரூபாய்

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் பட்டியலே மாறிவிடும். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 2.25 ரூபாய்க்குப் பதிலாக 4.50 ரூபாய் கணக்கிடப்படும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். அதற்கு மேல் விலை இன்னும் ஏறி, 1000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாயை எட்டும்.

இதன் விளைவை ஒரு கணக்கின் மூலம் காணலாம். சரியாக 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 225 + 900 + 600 = 1725 ரூபாய். 501 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1350 + 600 + 8 = 1958 ரூபாய். கடைசியாகச் செலவான அந்த ஒரு யூனிட்டால் 233 ரூபாய் கூடிவிடுகிறது. கட்டணம் திடீரென்று எகிறிவிட்டது, மீட்டரில்தான் கோளாறு என்று கருதப்படும் பல இடங்களில் உண்மைக் காரணம் இந்த 500 யூனிட் எல்லையாக இருக்கக்கூடும்.

2024 ஜூலையில் விகிதங்கள் சற்று உயர்த்தப்பட்டன. விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், கணக்கிடும்போது நடப்பு விகிதத்தை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் கணக்குகள் 2022 விகிதத்தின்படி அமைந்தவை.

மீட்டரைப் படித்தல்

மின்னணு மீட்டரின் திரையில் பல அளவுகள் மாறி மாறித் தோன்றும். அவற்றுள் கிலோவாட் மணி என்ற குறியுடன் வரும் எண்ணே கட்டணத்துக்கு உரியது. கணக்கெடுத்த நாளில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, முப்பதாம் நாள் மீண்டும் பார்த்தால் பாதிக் காலத்தின் பயன்பாடு தெரிந்துவிடும். அது 250 யூனிட்டுக்குள் இருந்தால், அதே போக்கில் 500-ஐத் தாண்டாது. 270 அல்லது 280 என்று இருந்தால், மீதி முப்பது நாளில் எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்ய அவகாசம் கிடைக்கும்.

மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை அது மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 முறை மின்னும் மீட்டரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடத்தில் 32 முறை மின்னினால், 0.01 யூனிட் செலவாகியுள்ளது என்று பொருள். ஒரு மணிக்கு 0.06 யூனிட், அதாவது அந்த விசிறியின் திறன் 60 வாட். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய நல்ல செயல்முறை இது. எல்லாக் கருவிகளையும் நிறுத்திய பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், மறந்துபோன கருவி எதுவோ ஓடுகிறது அல்லது மின்கசிவு இருக்கிறது. அப்போது உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சோதிக்க வேண்டும்.

மின்சாரம் எங்கே செலவாகிறது?

மின்விசிறி: பழைய வகை விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 67.5 யூனிட். பிஎல்டிசி வகை விசிறி சுமார் 30 வாட் எடுக்கும். அதே பயன்பாட்டுக்கு 27 யூனிட் போதும். மூன்று விசிறிகளை மாற்றினால் இரு மாதத்தில் ஏறத்தாழ 120 யூனிட் மிச்சமாகும்.

விளக்கு: 60 வாட் குண்டு பல்பு தரும் அளவு வெளிச்சத்தை 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடும்.

ஏசி: மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கும் ஏசி, நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட். கோடையில் கட்டணம் ஏறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். வெப்பநிலை அமைப்பை ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 பாகை என்ற தொடக்க அமைப்புடன்தான் விற்கப்படுகின்றன. அதை 26-இல் வைத்து, விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் அறை போதிய அளவு குளிர்ச்சியாக இருக்கும். காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவுவதும் செலவைக் குறைக்கும்.

வாட்டர் ஹீட்டர்: 15 லிட்டர் தண்ணீரை 30 பாகை அளவுக்குச் சூடேற்றச் சுமார் அரை யூனிட் தேவை. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் 15 லிட்டர் வெந்நீர் என்றால் இரு மாதத்தில் 120 யூனிட். குளிப்பதற்கு எவ்வளவு சூடு தேவையோ அந்த அளவுக்கே வெப்பநிலையை வைப்பதும், பயன்படுத்தியவுடன் நிறுத்துவதும் நல்லது.

குளிர்சாதனப் பெட்டி: நாள் முழுவதும் மின் இணைப்பில் இருக்கும் கருவி இது. சூடான உணவை ஆறவிட்ட பின்பே உள்ளே வைக்க வேண்டும். பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் இருக்க வேண்டும். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

கருவிகளை வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டை மட்டும் பார்க்காமல், அந்த வில்லையில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டு மின்நுகர்வு யூனிட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சமையல் எரிவாயு

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கும். இது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை; அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்படுகிறது. இயல்பில் இதற்கு மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருள் கலக்கப்படுகிறது.

சிலிண்டரைப் பெறும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, முத்திரை உடையாமல் இருப்பது. இரண்டாவது, எடை: சிலிண்டர் மீது எழுதியிருக்கும் வெற்று எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எடை இருக்க வேண்டும். கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டும்படி கேட்கலாம். மூன்றாவது, சோதனைக் காலம்: கைப்பிடித் தகட்டின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் ஆண்டின் கடைசி இரு எண்களும் இருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு. மற்றவை அடுத்தடுத்த காலாண்டுகள். ‘டி-27’ என்றால் 2027 டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்கு அனுப்பப்பட வேண்டும். காலம் கடந்த சிலிண்டரை ஏற்கக் கூடாது.

எரிவாயுவைச் சேமிக்கும் வழிகள் எளியவை. பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றை முன்னதாக ஊறவைத்தால் விரைவில் வேகும். பிரஷர் குக்கரில் ஆவி வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் இருக்கும் நீரின் வெப்பம் உயராது. நீர் வேகமாக ஆவியாகும், அவ்வளவே. பாத்திரத்தின் அடிப்பாகத்தைத் தாண்டி வெளியே எரியும் தீ வீண். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எரிவாயுவா, இண்டக்‌ஷன் அடுப்பா?

ஒரு சிலிண்டர் வாயுவில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் உள்ளது. எரிவாயு அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கே பாத்திரத்துக்குச் செல்லும். இண்டக்‌ஷன் அடுப்பில் சுமார் 85 விழுக்காடு செல்லும். எனவே ஒரு சிலிண்டரின் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 140 யூனிட் தேவைப்படும்.

இரு மாதத்துக்கு 300 யூனிட் பயன்படுத்தும் வீடு இந்த 140 யூனிட்டையும் சேர்த்தால் மொத்தம் 440. கட்டணம் 675 ரூபாயிலிருந்து 1365 ரூபாய் ஆகும். கூடுதல் செலவு 690 ரூபாய். ஏற்கெனவே 450 யூனிட் பயன்படுத்தும் வீடு 590-க்குச் செல்லும். கட்டணம் 1425 ரூபாயிலிருந்து 2670 ரூபாய் ஆகும். கூடுதல் செலவு 1245 ரூபாய். அடுப்பும் சமையலும் ஒன்றே என்றாலும் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு மற்றொரு வீட்டுக்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்தக் கூடுதல் செலவைத் தம் ஊரின் சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டே ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுக்க வேண்டும்.

பாதுகாப்பு

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோரம் தேங்கும். ஆகவே சிலிண்டரைப் பள்ளத்திலோ காற்றோட்டமற்ற மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள குழாயையே பயன்படுத்தி, ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வாயு நாற்றம் வந்தால் முதலில் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே பொறி எழும். வீட்டிலுள்ளவர்கள் வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

மின்சாரத்தில், எம்சிபி என்ற தானியங்கித் துண்டிப்பான் மிகைமின்னோட்டத்திலிருந்து கம்பிகளைக் காக்கிறது. மனிதர் உடல் வழியாக மின்சாரம் பாயும்போது உடனே துண்டித்து உயிரைக் காப்பது ஆர்சிசிபி என்ற மின்கசிவுத் துண்டிப்பான் ஆகும். வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் வகை ஏற்றது. அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்டர் ஹீட்டர், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை நில இணைப்புள்ள மூன்று துளைப் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். தமிழ்நாட்டில் மின்தடை, மின்கம்பி அறுந்து விழுதல் போன்ற புகார்களை மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.