கறுத்த இரும்பும் மூடி இல்லாத சக்கரமும்

கொல்லுப்பட்டறையில் சிவந்த இரும்பைக் கண்டு யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது கறுத்த இரும்புதான். உலையிலிருந்து எடுத்துப் போட்டு, நிறம் அடங்கி, பச்சை இரும்பு போலவே தரையில் கிடக்கும் துண்டு முந்நூறு நானூறு டிகிரி சூட்டில் இருக்கலாம். அதனால்தான் பழகிய கொல்லர், கீழே கிடக்கும் எதையும் எடுக்குமுன் புறங்கையை அருகில் கொண்டுபோய் அனல் பார்க்கிறார். யாரும் எழுதி வைக்காத இந்த விதி, நெருப்போடும் சம்மட்டியோடும் குறட்டோடும் தலைமுறைகளாகப் பழகியதில் கைக்கு வந்தது. ஆனால் இன்றைய பட்டறையில் பாதிச் சாமான் அந்தப் பழக்கத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. ஆங்கிள் கிரைண்டர், வெல்டிங் மெஷின், மோட்டார் புளோயர், காயலான் கடையில் எடைக்கு வாங்கிய ஜிங்க் பூச்சுக் குழாய் எல்லாம் அப்படி வந்தவைதான். அனுபவம் நெருப்பிடமிருந்து காப்பாற்றுகிறது என்பது உண்மை. அதே அனுபவம் இவற்றிடமிருந்தும் காப்பாற்றும் என்று நம்புவதில்தான் கோளாறு. நெருப்பு அனல் காட்டி எச்சரிக்கும், சக்கரம் வெடிக்கும் நொடிவரை நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். பட்டறைகளில் பரவலாக இருக்கும் நாலு இஞ்ச் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதற்கென்று செய்த கட்டிங் வீலின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்று கணக்கிட்டுத்தான் விற்கிறார்கள். ஏழு இஞ்ச் வீலின் மேல் 8,500 என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவும் இதே விளிம்பு வேகத்துக்கான கணக்குதான், வட்டம் பெரிதானால் சுற்று குறைய வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. பெரிய மெஷினில் கொஞ்சம் தேய்ந்த ஏழு இஞ்ச் வீலைத் தூக்கிப்போட மனமில்லாமல், நாலு இஞ்ச் மெஷினின் மூடியைக் கழற்றிவிட்டு, துளை பொருந்தாததற்கு வாஷரை அடைத்து மாட்டுகிறார்கள். தேயாத ஏழு இஞ்ச் வீலை அப்படி மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். தேய்ந்த வீலில் அந்த விசை குறையலாம். ஆனால் பிய்ந்தால் தடுக்க வேண்டிய மூடிதான் அப்போது மெஷினில் இல்லை. மூடி வேலையை மறைக்கிறது என்பது இதற்குச் சொல்லும் காரணம், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் மூடியைத் திருப்பி வைக்கலாம், வீல் பறக்கும் திசையைத் திருப்ப முடியாது. நடுவில் இருக்கும் தகர வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருப்பதைப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு. வீலை ஒட்டிவைத்திருப்பது பிசின், ஈரத்திலும் காலத்திலும் அது பலம் இழக்கும். சாணைக்கல்லுக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதுபோல மரக்கட்டையால் தட்டினால் விரிசல் இல்லாத கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்ட கல் மந்தமாகக் கேட்கும். புதுக்கல் மாட்டியதும் முதல் ஒரு நிமிடம் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஓடவிட வேண்டும். பொருளை ஊன்றும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இடைவெளி பெருகினால் அரிவாள் நுனி உள்ளே இழுபடும், கூடவே விரலும்.

ஜிங்க் விஷயம் இதைவிடச் சூழ்ச்சியானது. ஜிங்க் பூசிய ஜி.ஐ. குழாயையோ தகட்டையோ உலையில் வைத்தால், 907 டிகிரியில் கொதிக்கும் அந்த ஜிங்க், அதாவது துத்தநாகம், வெண்புகையாக எழும். அடிப்பதற்கு இரும்பைச் சிவக்கவைக்கும் சூடு பொதுவாக அதற்கு மேல்தான். வேலை செய்யும்போது தொண்டையில் கொஞ்சம் இனிப்பும் காறலுமாகத் தெரியும், அவ்வளவுதான். சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகுதான் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ஓரிரு நாளில் தானாகத் தணிந்தும்விடும், மழையில் நனைந்ததால் வந்தது என்று முடித்துவிடுவார்கள். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது வெல்டிங் கடைகளிலும் கேட்கும் நம்பிக்கை. புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பூச்சுள்ள இரும்பை உலைக்கே கொண்டுபோகாமல் இருப்பதுதான் வழி. இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய், பழைய ஷாக் அப்சார்பர், ஸ்ப்ரே டப்பா இவையும் உலைக்கு ஆகாதவை, உள்ளே இருக்கும் காற்றும் எண்ணெயும் சூடேறினால் அது குண்டுதான். மழைக்காலத்தில் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. எண்ணெயில் தோய்ச்சல் போடும் தொட்டி தகரத்தில், மூடியோடு இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடியால் அமுக்கி அணைக்கலாம், தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உளியின் தலை அடிபட்டு அடிபட்டு காளான்போல விரிந்து ஓரங்கள் மடிந்திருக்கும். அடுத்த அடியில் தெறிக்கும் சில்லு அந்த ஓரத்திலிருந்துதான் வரும். வாரம் ஒருமுறை சாணையில் பிடித்து அந்த ஓரத்தை எடுத்துவிட்டால் போதும். இப்படித் தெறிக்கும் சிறு சில்லு சில சமயம் வலி அதிகமில்லாமலே விழிக்குள் புகுந்துவிடும். ‘தூசி விழுந்தது’ என்று கசக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தால், உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து நாளடைவில் பார்வையைக் கெடுக்கும். மருத்துவரிடம் போகும்போது ‘இரும்பை இரும்பால் அடிக்கையில் பட்டது’ என்று சொல்வது முக்கியம். அந்த ஒரு வரிதான் அவரை எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்கவைக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது, காந்தம் அந்தச் சில்லை அசைத்துவிடும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. ஐ.எஸ். 5983 குறியுள்ள பாதுகாப்புக் கண்ணாடி ஒரு நாள் கூலிக்குள் கிடைக்கும். வேர்வையில் மங்குகிறது என்ற புகாரும் சரியானதே, பக்கவாட்டில் காற்றுத்துளை உள்ளதை வாங்க வேண்டும். கையுறை விஷயத்திலோ கொல்லர்களின் மறுப்பே பாதிக்கு மேல் சரி. சம்மட்டிப் பிடி நழுவும், சுற்றும் சக்கரத்தில் துணி சிக்கினால் கையையே இழுக்கும், நனைந்த கையுறையின் ஈரம் சூட்டில் ஆவியாகிக் கையை வேகவைக்கும். எல்லாவற்றையும் மாட்டிக்கொள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் சுவரொட்டிகள் எடுபடாமல் போவது இதனால்தான். ஆனால் பாலியஸ்டர் சட்டைக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. பருத்தி கருகும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். சுட்ட இடத்தில் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டினாலே போதும்.

இனி சட்டம். ‘நாங்க மூணு பேரு, எங்களுக்கு ஏது சட்டம்’ என்பது பொதுவான பேச்சு. தொழிற்சாலைச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. 1948 சட்டத்தில் மின்சாரம் இருந்தால் பத்துப் பேர் என்ற வரம்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இருபதாகியிருக்கிறது. ஆய்வாளர் வரமாட்டார். ஆனால் இழப்பீடு வேறு கணக்கு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும், அதன் விதிகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு இப்போது அதன் இடத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், மின்விசையால் உற்பத்தி நடக்கும் இடத்தில் தலை எண்ணுவதில்லை. மோட்டார் புளோயர் ஓடினால், சம்மட்டி அடிக்கும் ஒற்றை ஆளும் தொழிலாளிதான். மாதக்கூலி 15,000 ரூபாய் வாங்கும் நாற்பது வயதுக்காரர் ஒரு கண்ணில் பார்வை இழந்தால், சட்ட அட்டவணை அதை 30 சதவீத இழப்பாக வைக்கிறது. கூலியில் 60 சதவீதம் 9,000, நாற்பது வயதுக்கான காரணி 184.17, இரண்டையும் பெருக்கி அதில் 30 சதவீதம் எடுத்தால் 4,97,259 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது முதலாளிக்குத் தற்காப்பு ஆகாது. குடித்திருந்தார், அல்லது பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்பது போன்றவற்றை நிரூபித்தால்தான் விலக்கு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கும் கிடையாது. மூடியே இல்லாத மெஷினைக் கையில் கொடுத்தவர் அந்த வாதத்தை எடுக்கவே முடியாது.

உரிமை இருந்தும் பணம் கைக்கு வராமல் போவது தாளில்லாததால்தான். விபத்து நடந்ததும் அரசு மருத்துவமனையில் ‘வீட்டில் கீழே விழுந்தார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்வது சொந்த அண்ணனாகவோ மாமனாகவோ இருக்கும், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்த வாக்கியம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் ஏறிவிட்டால் பிறகு அழிப்பது கடினம். பட்டறையில், எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்லிப் பதியவைக்க வேண்டும். கூலி எழுதிய நோட்டு, ஜிபே வரவு, கூட வேலை செய்தவரின் சாட்சி, இவையே வேலை உறவுக்குச் சான்று. சொந்தக்காரர் என்பதால் கூலியாள் இல்லையென்று ஆகிவிடாது. இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இறந்தவருக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் கடன் தீராது, இழப்பீட்டுக்கான உரிய அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையின் துணை ஆணையர் நிலையில் உள்ளவரிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டுவிடுவது நல்லது.

பட்டறைக்காரரே வட்டிக்கு வாங்கிக் கரி போடுபவர், அவர் ஐந்து லட்சத்துக்கு எங்கே போவார் என்ற கேள்வி வலுவானது. அதற்குப் பதில் உரிமையை மறுப்பது அல்ல, பொறுப்பைக் காப்பீட்டின் மேல் இறக்கிவைப்பது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தொழிலாளர் இழப்பீட்டுக்கென்றே பாலிசி தருகின்றன, ஓரிரு ஆட்களுக்கும் எடுக்கலாம். சொந்தமாகத் தொழில் செய்யும் கொல்லர் அடிபட்டால் இழப்பீடு கேட்க அவருக்கு மேலே முதலாளியே இல்லை. அவர் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தையாவது எடுத்துவைக்க வேண்டும், 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம், ஒரு கண் அல்லது ஒரு கை போனால் ஒரு லட்சம். சரியாக மாட்டிய, தேதி தாண்டாத வீல் வெடித்திருந்தால் வேறொரு வழியும் உண்டு. பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், தயாரித்தவர்மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்குக் கடை பில் வேண்டும், வெடித்த வீலின் துண்டுகள் வேண்டும், தேதி அடித்த அந்தத் தகர வளையமும் வேண்டும். இவை மறுநாள் காலை பட்டறை கூட்டும்போது குப்பையோடு போய்விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துவைப்பது, அடிபட்டவரோடு மருத்துவமனைக்குப் போகாமல் பட்டறையில் நிற்பவரின் வேலை.