குதிரைத்திறனை அளப்பது எவ்வாறு?

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவிலிருந்து கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காரின் வலிமையைப் பற்றிப் பேசுவோர் இத்தகைய மலையேற்றத்தையே உரைகல்லாகக் கொள்வர். தொழில் நிமித்தம் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிலும், டர்போ எஞ்சினை மாற்றியமைத்து, "முன்பு 120 குதிரைத்திறன், இப்போது 160" என்று மகிழ்வோர் உண்டு. அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதனை எந்த அளவுக்கு நம்பலாம்?

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றலே மெட்ரிக் முறையில் ஒரு குதிரைத்திறன். ஆட்களுடன் 1,400 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்தை அரைமணி நேரத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையை உயர்த்த மட்டும் சராசரியாகச் சுமார் 10 குதிரைத்திறன் போதும்! காற்றின் தடைக்கும் உராய்வுக்கும் மேலும் சிறிது வேண்டும்; அவ்வளவே. ஆகவே மலை ஏறியதைக் கொண்டு எஞ்சினின் முழுத்திறன் 120ஆ, 160ஆ என்று கூற இயலாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். அதுவே டைனமோமீட்டர்.

1821ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலர் புரோனி இதற்கு எளிய வழி கண்டார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பற்றி, அக்கட்டைகள் தண்டுடன் சேர்ந்து சுழலாமல் தடுத்து நிறுத்தத் தேவையான விசையை எடையால் அளந்தார். முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். இன்று காரின் சக்கரங்களை உருளைகள்மீது நிறுத்தி ஓட்டுகின்றனர். சில கருவிகள் உருளைக்குத் தடை கொடுத்து அளக்கின்றன. வேறு சில, கனத்த உருளை எத்துணை விரைவில் வேகம் பெறுகிறது என்பதிலிருந்து கணக்கிடுகின்றன.

உருளை காட்டுவது சக்கரத்தை எட்டிய திறனையே. எஞ்சினில் பிறந்த திறனில் ஒரு பகுதி கியர்களிலும் டயர்களிலும் வெப்பமாகக் கழிந்துவிடும். உற்பத்தியாளர் அறிவிப்பதோ எஞ்சினில் அளந்த எண். இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது.

டர்போ எஞ்சினில் மற்றுமொரு சிக்கல் உண்டு. வெளியேறும் புகையால் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறினால் அடர்த்தி குறையும். ஆகவே அடுத்தடுத்துச் சோதித்தால், போதிய குளிர்காற்று இல்லாத அறையில் எண் இறங்கிவிடும். மேலும், வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்திற்கும் ஏற்பத் திருத்தக் காரணி ஒன்றால் பெருக்குவதுண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு உரிய காரணியை இதற்கும் பயன்படுத்தினால், இல்லாத திறன் தாளில் ஏறிவிடக்கூடும்.

எனவே நாம் கேட்க வேண்டுவன சில: மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அதே கருவியில், அதே கியரில், அதே டயர் அழுத்தத்தில் அளந்தனரா? எத்தனை முறை அளந்தனர்? திருத்தாத எண் யாது? இவற்றிற்கு விடை இருப்பின், 40 கூடியது என்ற வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு.

ஆயினும், புரோனியின் கருவி அடிப்படையில் ஒரு பிரேக் என்பதை மறத்தலாகாது. திறனை அளப்பதே அதனைத் தடுத்துத்தான். பொன்முடியிலிருந்து இறங்கும்போது, ஏற்றத்தில் சேர்ந்த ஆற்றல் முழுவதையும் எஞ்சினும் பிரேக்கும் எதிர்க்காற்றும் தாங்கியாக வேண்டும். திறனை மட்டும் கூட்டி, பிரேக்கையும் டயரையும் பழையபடி விட்ட வண்டிக்கு ஒவ்வொரு வளைவும் ஆபத்தே.

சட்டமும் இதனைக் கருதுகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேகத்தில் வேட்கையுடையோர்க்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்கள் உள்ளன. மலைச்சாலையோ எல்லோர்க்கும் பொது.