கருக்கலைப்புக்குத் தடை போட்டது மாகாணம்... தலைவலி ஏன் கம்பெனிக்கு?

அமெரிக்காவில் கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973 தீர்ப்பை, 2022 ஜூன் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முடிவு மாகாணங்களின் கைக்குப் போக, டெக்சாஸ் உள்ளிட்ட பல மாகாணங்களில் இப்போது கிட்டத்தட்ட முழுத் தடை.

சரி, இதில் கம்பெனிக்கு என்ன வேலை?

அங்கே 65 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவக் காப்பீடே வேலை பார்க்கும் இடத்தில் இருந்துதான் வருகிறது. அதனால் ஊழியர் முதலில் கம்பெனியைத்தான் பார்ப்பார். தீர்ப்பு வரும் முன்பே, 2022 மே மாதம், வெளியூர் போய் சிகிச்சை பெற ஆண்டுக்கு 4,000 டாலர் வரை பயணச் செலவு தருவதாக அமேசான் அறிவித்தது. கருக்கலைப்பும் அதில் அடக்கம். அந்த ஆகஸ்டில் இண்டியானா தடைச் சட்டம் கொண்டுவந்ததும், அங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் மருந்து நிறுவனமான எலி லில்லி, விரிவாக்கத்துக்கு இனி வெளியே பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டது. திறமையான ஆட்கள் இங்கே வரத் தயங்குவார்கள் என்ற கவலைதான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அமேசான் சலுகை, கம்பெனி காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். அதே அமேசான் பார்சலை வேனில் கொண்டுவந்து தரும் ஒப்பந்த நிறுவன டிரைவருக்குக் கிடையாது. தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தர வேண்டும் என்ற பொதுவான மத்திய சட்டமும் அங்கே இல்லை. பக்கத்து மாகாணம் போய்வர இரண்டு நாள் ஆனால், பல இடங்களில் அந்த இரண்டு நாள் கூலியும் போச்சு.