"இந்தச் சோதனை அவசியம்தானா, டொக்டர்?"

டொக்டர்மாரை எடைபோட நம்மவர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. துண்டு நிறைய மருந்து எழுதினால் அவர் கெட்டிக்காரர். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன் என்று நாலைந்து சோதனை செய்யச் சொன்னால் அவர் வடிவாகப் பார்க்கிறவர். ஆற அமர விசாரித்துவிட்டு, "இது தானாகவே சுகமாகும், மருந்து தேவையில்லை" என்று சொல்பவரோ ஒன்றும் தெரியாதவர். "இவ்வளவு காசு கட்டிச் செனல் பண்ணிப் போனோம், ஒரு குளிசைகூடத் தரவில்லையே" என்று வீட்டுக்கு வந்து குறைப்படுகிறோம். மறுநாளே இன்னொரு டொக்டருக்கு நம்பர் எடுக்கிறோம்.

வீண் சோதனைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தனியார் ஆஸ்பத்திரிகளைத்தான் ஏசுகிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மாலையில் தொடங்கி இரவு வரை வரிசையாக நோயாளர்களைப் பார்க்கும் டொக்டரின் நிலையையும் யோசிக்க வேண்டும். ஒரு சோதனை ஏன் தேவையில்லை என்று விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். வந்தவரும் அதைத்தானே எதிர்பார்க்கிறார்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு 'சூஸிங் வைஸ்லி' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. ஒன்பது மருத்துவச் சங்கங்கள் முன்வந்து, தத்தமது துறையில் யோசிக்காமல் செய்யப்படும் ஐந்து காரியங்களைத் தாமே பட்டியலிட்டன. அவற்றைச் செய்யுமுன் நோயாளியும் வைத்தியரும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். 2014இல் கனடாவிலும், பின்னர் வேறு பல நாடுகளிலும் இது பரவியது. தம் தொழிலில் நடக்கும் வீண் செலவை வைத்தியர்களே வெளியே சொன்னார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விடயம்.

"சோதித்துப் பார்ப்பதால் என்ன நஷ்டம்? காசு போனால் போகட்டும், மனம் ஆறுதலாகுமே" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்று ஓர் அளவு அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான சோதனைகளில் அந்த அளவு எப்படி வந்தது? சுகதேகிகள் நூறு பேரைச் சோதித்தால் தொண்ணூற்றைந்து பேர் உள்ளே அடங்கும்படி வகுத்தது அது. மீதி ஐந்து பேருக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் அவர்களின் ரிப்போர்ட் பிழையாகத் தெரியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஒரு சுகதேகி செய்தால், அவற்றில் ஒன்றாவது அளவுக்கு வெளியே நிற்க 64 வீத வாய்ப்புண்டு. 'முழு உடல் பரிசோதனை, விசேட கழிவு' என்ற விளம்பரத்தைக் கண்டு, ஒரு வருத்தமும் இல்லாமல் போகிறவர் திரும்பி வரும்போது நோயாளியாக வருவது இப்படித்தான். அந்த ஓர் எண்ணுக்காக மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும், பிறகு ஸ்கேன், பிறகு ஸ்பெஷலிஸ்ட். வீட்டிலுள்ள உம்மாவுக்கு நித்திரையில்லை. பிள்ளையின் காப்பு அடகுக்குப் போகிறது.

தென் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கு சோதனைக்கு வந்தவர்களுக்குக் கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பியையும் சிறு கட்டணத்தில் ஸ்கேன் செய்தார்கள். 1993உடன் ஒப்பிடுகையில் 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைரொய்ட் புற்றுநோய் பதினைந்து மடங்காகியிருந்தது. ஆனால் அந்நோயால் இறந்தோரின் வீதம் மாறவேயில்லை. வாழ்நாளில் ஒரு தொல்லையும் தந்திராத சிறு கட்டிகளுக்காக ஆயிரமாயிரம் பேர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்கக் குளிசை விழுங்குபவர்களானார்கள். 2014இல் அந்நாட்டு வைத்தியர்கள் சிலர் பகிரங்கமாக எச்சரித்த பின்னரே சத்திரசிகிச்சைகள் குறைந்தன.

முதுகு வலியும் அப்படியே. முதுகில் ஒரு வலியுமில்லாத இருபது வயதினரில் 37 வீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 வீதத்தினருக்கும் முள்ளந்தண்டுத் தட்டுகளில் தேய்வு தெரிந்ததாக 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதாவது, ஸ்கேனில் தேய்வு தெரிவதும் தலையில் நரை தெரிவதும் ஏறக்குறைய ஒன்றுதான். காலில் பலமின்மை, சலம் மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், விழுந்த காயம், முன்பு புற்றுநோய் இருந்தமை போன்றவை இல்லையென்றால், பெரும்பாலான முதுகு வலி ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, "மௌலவி சோதனையே வேண்டாமென்று எழுதியிருக்கிறார்" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் குடிக்கும் குளிசைகளை ஒருவரும் தாமாக நிறுத்தக் கூடாது. டெங்கு காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நின்றால் எஃப்.பி.சி. என்னும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதற்கும் முந்தியே வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் நாளே லெபுக்கு ஓடுகிறார்கள். எண் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து, ஆபத்தான நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். முதல் நாள் ரிப்போர்ட் நான்காம் நாளுக்குச் சாட்சி சொல்லாது. அது மட்டுமா? காய்ச்சல் கெதியாக இறங்க வேண்டுமென்று டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் போன்றவற்றை பார்மசியில் கேட்டு வாங்குகிறார்கள். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டுமே பாதுகாப்பானது, அதுவும் அளவோடு.

அப்படியானால் எது தேவை, எது தேவையில்லை என்று நமக்கெப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல. "டொக்டர், இந்தச் சோதனையில் என்ன தெரிந்தால் மருந்து மாறும்?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எது தெரிந்தாலும் மருந்து மாறாது என்றால், சோதனை எதற்கு என்று அவரே யோசிப்பார். மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனையை மாதாமாதம் செய்விப்போர் உண்டு. செங்குருதிக் கலங்களின் ஆயுளே சுமார் 120 நாட்கள். ஒரு மாதத்தில் அது என்ன புதிதாகச் சொல்லப்போகிறது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, "ஒன்றும் செய்யாமல் கொஞ்சநாள் பார்த்தால் என்னவாகும்?" என்பது. கி.பி. 925இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸி மூளைக்காய்ச்சலின் குறிகள் கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி எடுத்தார். ஒரு சாராரை வேண்டுமென்றே அப்படியே விட்டுக் கவனித்தார். அவர் கண்ட முடிவை இன்றைய வைத்தியம் ஏற்காது. அது வேறு விடயம். சிகிச்சை பெறாதவருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்காமல் சிகிச்சையின் பலனைச் சொல்ல முடியாது என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவருக்குத் தோன்றியிருக்கிறதே!

நம் பக்கத்திலும் குறைகள் உண்டு. முன்பு வேறு டொக்டரிடம் காட்டியதைச் சொன்னால் கோபிப்பார் என்று மறைக்கிறோம். போன வாரம் செய்த அதே சோதனை மறுபடி நடக்கிறது. எங்கள் ஜமாஅத்தில் வயதான ஒருவர், மூன்று டொக்டர்மார் தந்த பதினொரு விதமான குளிசைகளைப் பையில் வைத்திருந்தார். அவருடைய மகள் அத்தனையையும் ஒரு டொக்டரின் மேசையில் கொட்டிக் காட்டியபோது, இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே வயிற்றுக் குளிசை இருப்பது தெரிந்தது. மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று பாடுபட்டவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். இன்றும் டொக்டரிடம், "மருந்தின் சொந்தப் பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பழைய ரிப்போர்ட்டுகள், குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. மனைவியையோ உம்மாவையோ கூட்டிப்போகும் ஆண்கள், டொக்டர் கேட்பதற்கெல்லாம் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். வலி எங்கே, எப்போது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும். கூச்சமான விடயமென்றால் பெண் டொக்டரிடம் போகலாம், அல்லது கணவர் சற்று வெளியே நிற்கலாம். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கு முன்னால், விளங்காமலே தலையாட்டிவிட்டு வருவோரும் அநேகர். விளங்காத இடத்தில் டொக்டர் சோதனைகளைத்தான் நம்புவார். சிங்களம் நன்றாகப் பேசும் பிள்ளையைக் கூட அனுப்புங்கள். சொல்ல வேண்டியதை முதல்நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குச் சாதாரணத் தடிமன், அன்டிபயோட்டிக் வேண்டாமென்று டொக்டர் சொன்னால், அத்துடன் எழுந்து வந்துவிடாதீர்கள். தடிமன் வைரசால் வருவது, அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. ஆனால், "எதைக் கண்டால் திரும்பக் கொண்டுவர வேண்டும்?" என்று கேளுங்கள். மூச்சு வேகமாக வாங்குகிறதா, நெஞ்சு உள்ளிழுக்கிறதா, பால் தண்ணீர் குடிக்க மறுக்கிறதா, தட்டி எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். இவற்றில் ஒன்று கண்டாலும், இரவு எத்தனை மணியானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.