ராஜதர்பார் "செட்"டில் 62 பேர் கருகிய கோரம்!

டெலிவிஷன் தொடருக்குப் பலியான உயிர்கள். தீப்பெட்டி ஊர் மறக்கக்கூடாத பாடம்

கோவில்பட்டி:-

சரித்திர நாவல் ஒன்றை டெலிவிஷன் தொடராக எடுக்கப் போன இடத்தில் 62 பேர் தீயில் சிக்கிப் பரிதாபமாகச் செத்தார்கள். அரண்மனை "செட்" போட்ட ஸ்டூடியோ ஒரே நாளில் சுடுகாடு ஆனது.

நடந்தது மைசூரில். ஆனால் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்து ஜனங்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமோ, அதெல்லாம் அந்த ஸ்டூடியோவில் இருந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நாவல் தொடரானது

மத்திய அரசில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் பகவான் கித்வானி. மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் வாழ்க்கையை வைத்து "திப்பு சுல்தானின் வாள்" என்ற நாவலை இங்கிலீஷில் எழுதினார். 1976-ல் அது புத்தகமாக வந்தது. ஐதர் அலி, அந்தப்புரம், தர்பார், தளபதிகள், கூட இருந்தே குழி பறித்தவர்கள் என்று கதை போகும்.

இந்தி நடிகர் சஞ்சய்கான் இதைத் தொடராக எடுத்தார். திப்பு வேடமும் அவருக்கே. அவருடைய தம்பி அக்பர்கானும் டைரக்ஷனில் பங்கு கொண்டார்.

8-2-1989

மைசூர் பிரிமியர் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நடந்து கொண்டிருந்தது. தர்பார் காட்சி என்றால் சும்மாவா? மரம், துணி, திரைச்சீலை, பெயிண்ட், ஜிகினா என்று எல்லாமே பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் சாமான்கள். அதன்மேல் பெரிய பெரிய விளக்குகள். ஷெட்டுக்குள் அனல் தாங்க முடியவில்லை.

1989-ம் வருடம் பிப்ரவரி 8-ந்தேதி அங்கே தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழி தெரியாமல் தவித்தார்கள். சாவு எண்ணிக்கை கடைசியில் 62-ல் போய் நின்றது.

சஞ்சய்கானும் தப்பவில்லை. உடம்பெல்லாம் தீக்காயம். 13 மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 70-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. பிழைத்து எழுந்து வந்து தொடரை முடித்தார். 1990-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. மொத்தம் 60 வாரக் கதை.

காரணம் என்ன?

தொளதொள என்று கிடந்த கரண்டு வயர்கள். காற்றுப் போக வழியில்லாத ஷெட். தீப்பிடிக்காத பொருளை ஒட்டவேண்டிய சுவர்களில் சணல் சாக்கு. இவைதான் பெரிய காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும் என்பது பருத்தி விளையும் கரிசல் காட்டுக்காரனுக்குச் சொல்லியா தெரியவேண்டும்? மருந்து கலக்குகிற இடம் வேறு, குச்சி முக்குகிற இடம் வேறு, பெட்டி அடைக்கிற இடம் வேறு என்று தீப்பெட்டித் தொழிலில் பிரித்து வைப்பது ஏன்? ஒரு அறையில் தீ வந்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்றுதான். ஆபத்துக்கு ஓடும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று சொல்வதும் இதுபோன்ற ஆபத்துக்காகத்தான். பயந்துபோன கூட்டம் முட்டி மோதும்போது உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் இழுத்துத் திறக்க முடியாது.

நம் பக்கமும் நடந்தது

மைசூர் கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 1979-ல் தூத்துக்குடியில் டூரிங் சினிமாக் கொட்டகை எரிந்து ஏராளமானோர் மாண்டார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் தீ. மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் பலி. வீடியோ விளக்குக்குப் போன மின்சாரத்தில் கிளம்பிய பொறி கீற்றுக் கூரையில் பற்றியதாகச் சொல்லப்பட்டது. அதே வருடம் ஜூலை 16-ந்தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் கருகின. அங்கேயும் கீற்றுக் கூரைதான்.

ஊர்தான் வேறு வேறு. கூட்டம், கூரை, குறுகலான வழி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

திப்பு செத்தார், கயத்தாறில் தூக்கு

இந்தத் தொடர் வந்தபோது இது சரித்திரமா, கற்பனையா என்று பெரிய ரகளை கிளம்பியது. கடைசியில், "இது நாவலைத் தழுவிய நாடகம்தான், உண்மைச் சரித்திரம் என்று சொல்லவில்லை" என்ற கருத்தில் ஒரு அறிவிப்புப் போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள்.

ஆனால் திப்புவின் முடிவு கற்பனை அல்ல. அது கரிசல் சீமைக்கும் சம்பந்தப்பட்டது.

1799 மே 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் திப்பு சண்டை போட்டுச் செத்தார். மைசூர்த் தொல்லை தீர்ந்ததும் கும்பினிக்காரனின் கை தெற்கே நீண்டது. அதே வருடம் செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். அக்டோபர் 16-ந்தேதி, கோவில்பட்டியில் இருந்து நெல்லை போகிற வழியில் உள்ள கயத்தாறில், கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கில் போட்டார்கள். திப்பு விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவர் நடிகர் சிவாஜி கணேசன். சினிமாவில் கட்டபொம்மனாக நடித்தவர் அவர்தான். நிழல் ராஜா நிஜ ராஜாவுக்குச் செய்த மரியாதை அது.

யார் பொறுப்பு?

மைசூரில் செத்த 62 பேரும் ராஜா அல்ல, மந்திரி அல்ல. கூலிக்கு வேலை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குச் சிலை வைக்க ஆள் இல்லை.

கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கோவில் கொடைப் பந்தல் - கூட்டம் கூடும் இடம் எதுவானாலும் வயர் சரியாக இருக்கிறதா, இரண்டு வாசலும் திறந்து கிடக்கிறதா, மணல் வாளியும் தண்ணீரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துவிட வேண்டும். பூட்டிய வாசலின் சாவி யாரிடம் என்று தேடுவதற்கு நெருப்பு நேரம் கொடுக்காது.